லே தியெத் குவோங் வழியில் ஒரு குவாஷ் ஓவியம்

ஹனோய் ஓவியர் லே தியெத் குவோங் (1962–2025) தீட்டிய படங்களில் பெரும்பகுதி வெறும் நிறம்தான். அதற்குள் ஓர் உருவம், நாலைந்து கோடுகள். பௌத்தச் சிந்தனையில் ஊறிய சிக்கனம் அது. 'இது சுலபம்' என்று உட்காருபவர்கள் சறுக்குவதும் அந்த வெறும் நிறத்தில்தான்.

ஏ3 அளவில் 300 ஜிஎஸ்எம் எடையுள்ள தடித்த வாட்டர்கலர் தாளை எடுத்து, நான்கு ஓரமும் பேப்பர் டேப் ஒட்டிப் பலகையில் பிடியுங்கள். ஒரு அங்குல ஃபிளாட் பிரஷ், நல்ல குவாஷ் (தண்ணீரில் கரைத்துப் பூசும், ஒளி ஊடுருவாத வண்ணம்) போதும். பெங்களூரு அவென்யூ ரோட்டில் கிடைக்கும் போஸ்டர் கலர் பழகுவதற்குச் சரி. சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம், சில நிறங்கள் வெளுத்துவிடும்.

பின்னணி நிறத்தை இரண்டு பூச்சாகப் பூசுவோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையில் கலக்க வேண்டும்: சுமார் 20 மி.லி. வண்ணத்துக்கு 10 மி.லி. தண்ணீர், பாதாம்பால் பதம். காய்ந்த குவாஷ் நிறம் மாறும் (அடர்நிறம் வெளிறும், வெளிர்நிறம் சற்றுக் கருக்கும்). அதனால் பாதியில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. மீதியை மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள்.

முதல் பூச்சு இடமிருந்து வலம், இரண்டாவது மேலிருந்து கீழ். பூசிய இடத்துக்குப் பிரஷ் திரும்பவே கூடாது. குவாஷ் காய்ந்தபின்னும் தண்ணீரில் கரையும். தேய்த்தால் அடிப்பூச்சு கிளம்பித் திட்டாகும். தடிப்பாக அப்பினால் வெடிக்கும். பெங்களூரின் பிப்ரவரி, மார்ச் வறட்சியில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பூசுங்கள், இல்லையேல் பாதிக் கோட்டிலேயே காய்ந்து வரி விழும். மழைக்காலத்தில் இரண்டு பூச்சுக்கும் இடையே ஓர் இரவு விடலாம்.

உருவத்துக்கு அவர் வரைந்ததை நகலெடுக்க வேண்டாம். அல்சூர் ஏரிக்கரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் போதும். சிறு தாள்களில் நாலைந்து முறை வரைந்து, ஒவ்வொன்றிலும் எதையாவது நீக்குங்கள்: முதலில் முகம், பிறகு விரல், பிறகு நிழல். ஆள் என்று தெரியாமல் போகும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்த வேண்டும். அந்த வடிவத்தை வண்ணக் காகிதத்தில் வெட்டி, காய்ந்த பின்னணிமேல் நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் நடுமையம் சோபிக்காது. இடம் பிடிபட்டதும் ஓரத்தைச் சாக்பீஸால் லேசாகக் குறித்துத் தீட்டுங்கள். பென்சிலை அழித்தால் மினுமினுப்புத் தடம் நிற்கும்.

வார்னிஷ் வேண்டாம், நிறத்தைக் கருக்கிவிடும். ஃப்ரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடையில் மவுண்ட் (நடுவே வெட்டிய அட்டை) வைக்கச் சொல்லுங்கள். ஈரம் கோத்தால் வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.