வீட்டிலேயே வளைகாப்பு: 50 பேருக்குத் திட்டமிடுவது எப்படி?

தங்கையின் ஏழாம் மாத வளைகாப்பை மண்டபம் பிடிக்காமல் வீட்டிலேயே நடத்தினோம். அதன்பிறகு உறவில் யாருக்கு வளைகாப்பு என்றாலும் "எத்தனை கிலோ அரிசி போட்டீங்க?" என்று போன் வந்துவிடுகிறது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். சடங்கு முறை ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். அதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது நேரம், வளையல், சாப்பாடு மூன்றையும் பற்றி.

1. நாளும் நேரமும்

ஞாயிற்றுக்கிழமைதான் வசதி. ராகு காலம் மாலை 4.30-க்கு மேல்தான், எமகண்டம் பகல் 12-லிருந்து 1.30 வரை. காலை முழுவதும் கையில் இருக்கிறது. பத்து மணிக்கு ஆரம்பித்து, 11.30-க்கு முதல் பந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். அழைக்கும்போது "குடும்பத்தோட வந்துடுங்க" என்பதோடு நிறுத்தாமல் எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் பாதிப் பேர் கை கூப்பும் படத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள், அதை வைத்து உலை வைக்க முடியாது. போன் செய்து கேட்டு, நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். ஈரக் கையோடு புரட்ட நோட்டுதான் சரி.

2. வளையல்: இங்கேதான் நேரம் போகும்

ஐம்பது பேரில் பெண்கள் இருபத்தைந்து என்று வையுங்கள். ஒவ்வொருவரும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பன்னீர் தெளித்து, இரண்டு கையிலும் வளையல் போட்டு, அட்சதை தூவி, ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு நகர இரண்டு நிமிடமாவது ஆகும். மொத்தம் 50 நிமிடம். பட்டுப்புடவையும் மாலையுமாக, ஏழு மாத வயிற்றோடு, அவள் அசையாமல் உட்கார வேண்டிய நேரம் அது. விழாவே அவளுக்காகத்தான். அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இந்த ஒரு மணி நேரத்தைத் திட்டமிடுங்கள்.

நாங்கள் செய்தது இது. முதலில் ஏழு பெரியவர்கள் முழுச் சடங்கையும் நிதானமாகச் செய்தார்கள். அப்புறம் மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக வந்தார்கள், வலக் கைக்கு ஒருவர், இடக் கைக்கு ஒருவர். அரை மணி நேரத்தில் முடிந்தது. நடுவில் ஐந்து நிமிடம் நிறுத்தி, அவள் எழுந்து கழிப்பறை போய்வந்து, மோர் குடித்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த இடைவேளையை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மணை வேண்டாம். முதுகு சாயும் நாற்காலி, கால் வைக்கச் சின்ன முக்காலி, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து அளவு. கடையில் டூ ஃபோர், டூ சிக்ஸ், டூ எயிட் என்பார்கள். டூ சிக்ஸ் என்றால் உள்விட்டம் 2 அங்குலமும் அதற்கு மேல் ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்தால் அதில் 6 பங்கும். கல்யாணத்தில் போட்ட அளவை நம்பி வாங்காதீர்கள். கை வீங்கியிருக்கும். மாலையில், நாள் முழுவதும் நடமாடிய பிறகு அளவு பாருங்கள். பெரும்பாலும் ஒரு அளவு பெரிதாகத் தேவைப்படும். (முகமும் கையும் திடீரென்று வீங்கி, தலைவலியும் கண் மங்கலும் இருந்தால் வளையல் கடையை விட்டுவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.)

கண்ணாடி வளையலில் ஒட்டு இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்து, கரகரப்பாக இருப்பதை ஒதுக்குங்கள். போடும்போது உடைந்தால் பெரியவர்கள் மனம் சங்கடப்படும், கையும் கிழியும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். வந்தவர்களுக்குக் கொடுக்க டூ ஃபோரும் டூ சிக்ஸும் அதிகமாக வாங்குங்கள். சிறுமிகளுக்குத் தனியாகக் கொஞ்சம்.

3. கலவை சாதம்

ஐந்து வகை செய்தோம். ஆளுக்கு 120 கிராம் அரிசி கணக்கு, மொத்தம் 6 கிலோ. புளியோதரைக்கும் தயிர் சாதத்துக்கும் ஒன்றரை கிலோ வீதம், எலுமிச்சை, தேங்காய், சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கிலோ வீதம். கூட 5 கிலோ உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், ஊறுகாய். போதும். சாம்பார், ரசம் என்று இழுத்தால் கூடுதலாக இரண்டு பேர் அடுப்படியிலேயே நிற்க வேண்டும்.

புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே செய்துவிடலாம். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும், கொதித்தால் கசக்கும். தேங்காய் சாதம்தான் முதலில் கெடும், அதைக் கடைசியாகக் கிளறுங்கள். தயிர் சாதத்தில் நிறையப் பேர் தயிரை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள், பந்திக்குள் புளித்துவிடும். சாதத்தைக் குழைய வடித்து, ஆறியதும் காய்ச்சி ஆறவைத்த பாலைத் தாராளமாக ஊற்றி, இரண்டு கரண்டி தயிர் மட்டும் சேருங்கள்.

ஆறு கிலோவையும் ஒரே நேரத்தில் வடிக்க வேண்டாம். வடித்த சாதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடக்கக் கூடாது, அதுவும் கர்ப்பிணி சாப்பிடும் வீட்டில். காலை 9.30-க்கு ஒரு பாதி, 11 மணிக்கு மறு பாதி. வடித்ததும் அகலமான தாம்பாளத்தில் கொட்டி நல்லெண்ணெய் விட்டு ஆறவிடுங்கள், பருக்கை பருக்கையாக நிற்கும். அண்டா, தாம்பாளம், ஒற்றை அடுப்பு எல்லாம் வாடகைப் பாத்திரக் கடையில் கிடைக்கும். அலுமினியத்தைத் தவிர்த்து எவர்சில்வர் கேட்டு வாங்குங்கள், புளியும் எலுமிச்சையும் அலுமினியத்துக்கு ஆகாது.

4. பந்தி

வாழை இலை என்றால் ஆளுக்கு 2 அடி இடம் வேண்டும். ஆறடி மேசையில் ஒரு பக்கம் மூன்று பேர்தான். வீட்டில் அவ்வளவு இடமில்லை என்றால் கலவை சாதத்துக்குப் பாக்குமட்டைத் தட்டே போதும். பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை, கடைக்காரர் நீட்டினாலும் வாங்காதீர்கள். முதல் தட்டு அவளுக்கு. வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டபின் அவள் சாப்பிடட்டும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு சேர்த்தது

அடுக்குமாடியில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: மொட்டை மாடிக்கு அண்டாவை எப்படி ஏற்றுவது? ஏற்றாதீர்கள். சமையல் கீழே, வீட்டிலேயே நடக்கட்டும். கிளறிய சாதத்தை மூடி போட்ட தூக்குகளில் கொண்டுபோங்கள். மாடிக்கு சங்கத்தில் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். மாடியில் நிழல் இல்லையென்றால் வளையல் சடங்கை வீட்டுக்குள் வைத்து, பந்தியை மட்டும் மேலே போடுங்கள்.

இன்னொருவர் மீந்ததைப் பற்றிக் கேட்டார். புளியோதரையைப் பந்தி முடிந்ததும் ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்தால் அன்று இரவு வரை வைத்துக்கொள்ளலாம். எலுமிச்சை சாதத்தையும் பொங்கலையும் பந்தி முடிந்த கையோடு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள். தேங்காய் சாதமும் தயிர் சாதமும் மதியத்தைத் தாண்டினால் யாருக்கும் கொடுக்காதீர்கள்.