யோகா ஆசிரியராக வேண்டுமா? வெளிநாட்டிலிருந்து ரிஷிகேஷ் போய் 200 மணி நேரப் பயிற்சி முடிப்பது எப்படி

டொராண்டோவிலோ லண்டனிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு, வாரம் இரண்டு மூன்று நாள் யோகா வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் "நாமே சொல்லிக்கொடுத்தால் என்ன?" என்று தோன்றும். அப்படித் தோன்றி இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் ஊர் ரிஷிகேஷ். நான்கு வாரம், 200 மணி நேரம், கையில் சான்றிதழ் என்று நூற்றுக்கணக்கான விளம்பரங்கள். அதில் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு மாதத்தில் உங்கள் ஆசனம் எவ்வளவு அழகாகிறது என்பது இரண்டாம் பட்சம். எத்தனை முறை எழுந்து நின்று இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்பதுதான் உங்களை ஆசிரியராக்கும். கீழே உள்ள எல்லாப் படிகளையும் அதை மனதில் வைத்தே படியுங்கள்.

படி 1: எந்தச் சான்றிதழ் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

பெரும்பாலான பள்ளிகள் குறிப்பிடுவது யோகா அலையன்ஸ் என்ற பெயரை. இது 1999-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட லாபநோக்கற்ற அமைப்பு. அரசு உரிமம் தரும் இடம் கிடையாது. பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்து வைக்கிறது, அவ்வளவுதான். சான்றிதழ் தருவது நீங்கள் படிக்கும் பள்ளி. அந்தப் பள்ளி அங்கே பதிவு பெற்றதாக இருந்தால், படிப்பை முடித்ததும் நீங்கள் கட்டணம் கட்டி "ஆர்ஒய்டி 200", அதாவது 200 மணி நேரப் பயிற்சி முடித்துப் பதிவு பெற்ற யோகா ஆசிரியர், என்று பதிவு செய்துகொள்ளலாம். இதே போன்ற பெயரில் வேறு அமைப்புகளும் இருக்கின்றன. அதனால் விளம்பரத்தில் உள்ள முத்திரையை மட்டும் நம்பாமல், அமெரிக்க அமைப்பின் தளத்தில் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள்.

200 மணி நேரம் எப்படிப் பிரிகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆசனம், பிராணாயாமம், தியானம் ஆகியவற்றுக்குக் குறைந்தது 75 மணி, உடற்கூறியலுக்கு 30, யோக வரலாறு மற்றும் தத்துவத்துக்கு 30, கற்பிக்கும் முறை, தொழில் நெறி போன்றவற்றுக்கு 50. மீதியைப் பள்ளி தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும்.

இந்திய அரசின் சான்றிதழ் வேண்டுமென்றால் அது தனி வழி. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றிதழ் வாரியம் இருக்கிறது. எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடத்தி, நிலை நிலையாகச் சான்று தருகிறது. இந்தியாவில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் இதையும் யோசியுங்கள்.

பி.கே.எஸ். ஐயங்கார் வகுத்த யோகா முறையிலோ மைசூரு அஷ்டாங்க முறையிலோ ஆசிரியராக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு மாதப் படிப்பு பொருந்தாது. முதலாவதற்கு, சான்று பெற்ற ஆசிரியரிடம் வருடக்கணக்கில் படித்த பிறகுதான் தேர்வே. இரண்டாவதற்கு மைசூருக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பயிற்சி செய்ய வேண்டும்.

படி 2: பள்ளியைத் தேர்ந்தெடுங்கள்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. கங்கைக் கரையில் சூரிய உதயப் படம் எல்லாப் பள்ளியும் போட்டிருக்கும். அதை ஒதுக்கிவிட்டு, ஒரு நாள் கால அட்டவணையை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வந்ததும் அதில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: மாணவர்கள் தாங்களே வகுப்பு நடத்தும் நேரம் எங்கே இருக்கிறது? கடைசி வாரத்தில் மட்டும் ஒரு முறை என்றால் எனக்கு அந்தப் பள்ளி வேண்டாம். இரண்டாவது வாரத்திலிருந்தே, பத்து நிமிடமானாலும் சரி, தினம் ஒருவருக்காவது சொல்லிக்கொடுக்க வைக்கும் பள்ளிதான் நல்ல பள்ளி.

அப்புறம் கேட்க வேண்டியவை: ஒரு வகுப்பில் எத்தனை பேர்? நாற்பது பேர் என்றால் உங்களைப் பார்த்துத் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது. தலைமை ஆசிரியர் மாதம் முழுக்க இருப்பாரா, தொடக்க நாளில் விளக்கேற்றிவிட்டுப் போய்விடுவாரா? உடற்கூறியல் யார் எடுக்கிறார், அவர் என்ன படித்தவர்? பாதியில் உடம்பு சரியில்லாமல் போனால் பணம் திரும்ப வருமா, அடுத்த பாட்ச்சில் சேரலாமா? பதில்களை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் மட்டும் கட்டுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்கும் இடத்தில் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

பெண்கள் தனியாகப் போவதாக இருந்தால், அந்தப் பள்ளியில் படித்து முடித்த பெண்கள் இரண்டு பேரிடமாவது நேரடியாகப் பேசுங்கள். உடலைத் தொட்டுத் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்கிறார்களா என்று தயங்காமல் விசாரியுங்கள்.

ரிஷிகேஷ்தான் என்று கட்டாயமும் இல்லை. கேரளத்தில் நெய்யாறு அணைக்கட்டுக் கரையில் உள்ள சிவானந்த ஆசிரமத்தின் நான்கு வாரப் பயிற்சி மிகவும் கட்டுக்கோப்பானது. சுவாமி விஷ்ணுதேவானந்தா 1969-ல் தொடங்கிய பயிற்சி முறை இது. மஞ்சள் சட்டை, வெள்ளைக் கால்சட்டைச் சீருடை, காலை மாலை சத்சங்கம், எல்லாம் உண்டு. அவசரமில்லாமல் ஆழமாகப் படிக்க விரும்புகிறவர்கள் சென்னையில் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தை விசாரிக்கலாம். லோனாவாலாவில் 1924 முதல் இயங்கும் கைவல்யதாமம், யோகாவை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்த முன்னோடி நிறுவனம்.

ஆனாலும் ரிஷிகேஷுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை 1936-ல் நிறுவிய சுவாமி சிவானந்தர், திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பிறந்தவர். ஆம், கோரைப்பாய்க்குப் பேர்போன அதே பத்தமடை. மலாயாவில் மருத்துவராக இருந்துவிட்டுத்தான் அவர் கங்கைக் கரைக்குப் போனார். ரிஷிகேஷை ஒட்டிய முனி கி ரேத்தியில் உள்ள அவருடைய ஆசிரமத்துக்கு ஒரு விடுமுறை நாளில் அவசியம் போய் வாருங்கள்.

படி 3: மாதமும் விசாவும்

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, அல்லது செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை போவது நல்லது. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைக் குளிர் நம்மவர்களுக்குத் தாங்காது. ஜூலை, ஆகஸ்டில் மழை; கூடவே கங்கை நீர் எடுத்துப்போகும் சிவபக்தர்களின் காவடி யாத்திரைக் கூட்டத்தில் சாலைகள் நிரம்பிவிடும்.

இந்தியாவின் சுற்றுலா இ-விசாவில் குறுகிய கால யோகா பயிற்சிக்கு அனுமதி இருக்கிறது. நான்கு வாரப் படிப்புக்கு 30 நாள் விசா எடுத்தால் பயண நாட்களுக்கு இடமே இருக்காது. ஒரு வருட விசா எடுங்கள். இந்திய அரசின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் கூடுதல் பணம் பிடுங்கும். எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்பதைப் பொறுத்து விதி மாறும் என்பதால், விமானச் சீட்டு வாங்குமுன் சரிபார்த்துவிடுங்கள். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு விசா கவலை இல்லை. சுற்றுலா விசாவில் வந்து, படிப்பு முடிந்ததும் அங்கேயே சம்பளத்துக்கு வகுப்பு எடுக்கக் கூடாது.

டெல்லியில் இறங்கி, டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையத்துக்கு இன்னொரு விமானம் பிடித்தால் ரிஷிகேஷ் பக்கம். ரயிலில் ஹரித்வார் வரை வந்தும் போகலாம். வகுப்பு தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சேருங்கள்.

படி 4: மூன்று மாதம் முன்பே உடம்பைத் தயார் செய்யுங்கள்

வாரம் ஒரு நாள் விடுமுறை போனால் மிஞ்சுவது 24 நாள். 200 மணி நேரத்தை அதில் வகுத்துப் பாருங்கள்: தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல். அதில் பாதிக்கும் மேல் தரையில் உட்கார்ந்து கேட்பது. அலுவலக நாற்காலிக்குப் பழகிய இடுப்புக்கும் முழங்காலுக்கும் இதுதான் பெரிய சோதனை.

அதனால் இன்றே தொடங்குங்கள். ஒரு போர்வையை நான்காக மடித்து, அதன் விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருந்தால் முதுகு தானாக நிமிரும். முதல் வாரம் பத்து நிமிடம், பிறகு வாரா வாரம் கூட்டிக்கொண்டே போய் முக்கால் மணி நேரம் வரை பழகுங்கள். கூடவே சூரிய நமஸ்காரம் தினமும். அதில் வரும் சதுரங்க தண்டாசனத்தில் (கைகளை ஊன்றி, உடம்பைப் பலகை போல நேராக வைத்து இறக்கும் நிலை) இறங்கும்போது தோள், முழங்கையைவிடக் கீழே போகக் கூடாது. போகிறது என்றால் முழங்கால்களைத் தரையில் ஊன்றிச் செய்யுங்கள். பயிற்சிக் காலத்தில் தோள்பட்டை வலியோடு திண்டாடுகிறவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் இந்த ஓர் அசைவுதான்.

தலைகீழ் நிற்க வராதே, காலைப் பிளந்து உட்கார வராதே என்று கவலைப்படாதீர்கள். அவை வராமலேயே அருமையாகச் சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 5: அங்கே போனதும்

காலை ஐந்தரைக்கு எழுப்புவார்கள். பிராணாயாமம், ஆசனம், அதன் பிறகுதான் சாப்பாடு. மதியம் தத்துவம், உடற்கூறியல். மாலை மறுபடி ஆசனம், இரவு தியானம். சைவ உணவுதான், ரிஷிகேஷில் மது கிடையாது. வயிறு கெட்டுப்போவது சகஜம், ஓஆர்எஸ் பொட்டலங்கள் கையில் இருக்கட்டும்.

முன்னால் குனியும்போது உட்காரும் எலும்புக்குக் கீழே, தொடையின் பின்பக்கத்து மேல் பகுதியில் சுருக்கென்று வலித்தால், நீட்டுவதை அன்றே நிறுத்துங்கள். தொடைப் பின்தசை எலும்போடு சேரும் இடம் அது. அங்கே புண்ணானால் ஆற மாதக்கணக்காகும். ஆசிரியரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

மாதிரி வகுப்பு எடுக்கும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். திரிகோணாசனம் உங்கள் முறை என்று வைத்துக்கொள்வோம். எதிரே மாணவர்கள் உங்களைப் பார்த்து நிற்கிறார்கள். "வலது காலை வெளிப்பக்கம் திருப்புங்கள்" என்று சொல்லும்போது நீங்கள் உங்கள் இடது காலைத் திருப்ப வேண்டும். மாணவருடைய கண், காதைவிட வேகமானது. நீங்கள் செய்வதைத்தான் அவர் செய்வார். கண்ணாடி போல நின்று சொல்லும் இந்தப் பழக்கம் வர நாளாகும். இரவில் அறைத் தோழியை நிறுத்திப் பழகுங்கள்.

சொல்லும் வரிசை பாதத்திலிருந்து தொடங்கட்டும். முதலில் கால்களின் இடைவெளி, பிறகு பாதத்தின் திசை. "மூச்சை இழுத்துக்கொண்டே கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். விட்டுக்கொண்டே வலப்பக்கம் சாயுங்கள்." இவ்வளவு போதும், பேச்சை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒருவருக்கு முழங்கால் பின்பக்கமாக வளைந்து பூட்டிக்கொண்டிருக்கும்: "லேசாகத் தளர்த்துங்கள்" என்று சொல்லுங்கள். இன்னொருவர் கையைத் தரையில் வைத்தே தீருவேன் என்று நெஞ்சை மடக்கிக்கொண்டிருப்பார். கையின் கீழே ஒரு கட்டையை வையுங்கள், நெஞ்சு தானே விரியும். இப்படிப் பார்த்துப் பார்த்துச் சொல்லத் தொடங்கியதும், மனப்பாடம் செய்த வரிகள் தேவைப்படாது.

யாருக்கு எது கூடாது என்பதையும் நோட்டில் தனியாக எழுதி வாருங்கள். கண் அழுத்த நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சிரசாசனம் வேண்டாம். முதுகுத்தண்டு வட்டு பிதுங்கியவர்களைக் கட்டாயப்படுத்திக் குனிய வைக்காதீர்கள். கர்ப்பிணிகளைக் குப்புறப் படுக்கவோ மூச்சை அடக்கவோ சொல்லக் கூடாது. பின்னாளில் உங்களுக்கு அதிகம் பயன்படப்போவது இந்தப் பக்கங்கள்தான்.

படி 6: ஊர் திரும்பியதும்

முதல் மாதத்திலேயே வகுப்பு எடுக்கத் தொடங்குங்கள், தள்ளிப்போட்டால் பயம் கூடும். அக்கம்பக்கத்தினர் நான்கு பேர், கோயில் மண்டபம், தமிழ்ச் சங்க அறை, எதுவானாலும் சரி. குறிப்பாக, ஆங்கில வகுப்பில் கூச்சத்தோடு பின்வரிசையில் நிற்கும் நம் அம்மாக்களுக்கும் தாத்தாக்களுக்கும் தமிழில், நாற்காலியில் உட்கார்ந்தபடி செய்யும் வகுப்பு ஒன்று தொடங்கிப் பாருங்கள். அவர்களிடம் முதலில் மருத்துவ விவரம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் யோகா கற்பிக்க அரசு உரிமம் தேவையில்லை. ஆனால் ஸ்டூடியோவோ சமூக மையமோ பொறுப்புக் காப்பீடும் (வகுப்பில் யாருக்காவது அடிபட்டால் ஈடுகட்டும் காப்பீடு) முதலுதவிச் சான்றும் கேட்கும், இரண்டையும் எடுத்துவிடுங்கள். யோகா அலையன்ஸில் பதிவு செய்தால் வருடா வருடம் கட்டணம் உண்டு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை 45 மணி நேரம் கற்பித்ததற்கும் 30 மணி நேரம் மேற்பயிற்சி பெற்றதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே முதல் வகுப்பிலிருந்தே தேதி, நேரம், எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்.