பட்டனை அழுத்தினால் வெளித்தளம் சரியாகத் திறக்க வேண்டுமா?

உங்கள் இணையப் பக்கத்தில் வேறு தளத்துக்குப் போக வைத்த பட்டன் பார்க்க அழகாக இருக்கிறது, அழுத்தினால் 404 (அப்படி ஒரு பக்கம் இல்லை) என்று வருகிறதா? முகவரிப் பட்டையைப் பாருங்கள். உங்கள்தளம்.காம்/எடுத்துக்காட்டு.காம் என்று இரண்டு முகவரிகள் ஒட்டிக்கொண்டு நிற்கலாம். இதை நாம் படி 2-இல் சரிசெய்துவிடலாம்.

படி 1: வேறு பக்கத்துக்குப் போக பட்டன் டேக் வேண்டாம், ஏ டேக் (எச்டிஎம்எல் என்ற இணையப் பக்க மொழியில் இணைப்பு தரும் குறி) போடுங்கள். படிவத்தை அனுப்புவது, மெனுவைத் திறப்பது போன்ற வேலைகளுக்குத்தான் பட்டன் டேக். ஏ டேக்குக்குள் பட்டன் டேக்கை வைப்பதும் எச்டிஎம்எல் விதிப்படி தவறு. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஏ டேக்கை ‘இணைப்பு’ என்று சொல்லும்; வேறு பக்கத்துக்குப் போகப்போகிறோம் என்பது அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

படி 2: ஏ டேக்கின் எச்ரெஃபில் (போக வேண்டிய முகவரியை எழுதும் இடம்) முழு முகவரியையும் கொடுங்கள். எச்டிடிபிஎஸ்:// என்பதில் தொடங்க வேண்டும். அது இல்லாவிட்டால், நீங்கள் எழுதியதை உங்கள் தளத்திலேயே உள்ள ஒரு கோப்பின் பெயர் என்று உலாவி எடுத்துக்கொள்ளும். முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்டாலும் இதே கதைதான். கையால் தட்டச்சு செய்யாமல், அந்தத் தளத்தைத் திறந்து முகவரியை அப்படியே காப்பி செய்வதே நல்லது.

மேற்கோள் குறியையும் கவனியுங்கள். வேர்டு போன்ற செயலியிலிருந்து நிரல்வரியைக் காப்பி செய்தால் நேரான குறிக்குப் பதில் வளைந்த குறி வந்துவிடும். உலாவி அதையும் முகவரியின் எழுத்தாகவே படிக்கும், மறுபடியும் 404. வளைந்ததை அழித்துவிட்டு விசைப்பலகையில் நேரான குறியைத் தட்டுங்கள்.

படி 3: பட்டன் தோற்றம் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) வேலை. ஏ டேக்குக்கு ஒரு கிளாஸ் (சிஎஸ்எஸ் அடையாளம் காணும் பெயர்) கொடுத்து, சிஎஸ்எஸ்ஸில் அதன் டிஸ்பிளேயை இன்லைன்-பிளாக் ஆக்குங்கள். அப்புறம் பேடிங் (எழுத்தைச் சுற்றிய உள் இடைவெளி), பின்னணி நிறம் சேர்த்து அடிக்கோட்டை எடுத்துவிடுங்கள். பேடிங்கை ஏ டேக்குக்கே கொடுங்கள். வெளியே ஒரு டிவ் (சுற்றிப் போடும் பெட்டி) போட்டு அதற்குக் கொடுத்தால், எழுத்தின் மேல் அழுத்தினால் மட்டுமே திறக்கும். ஓரத்தில் அழுத்துபவர் ஏமாந்து போவார்.

படி 4: புதிய தாவலில் திறக்க, எச்ரெஃப் போலவே ஏ டேக்கில் எழுதும் டார்கெட்டில் _பிளாங்க் கொடுக்கலாம். கூடவே ஏ டேக்கின் ரெல்லில் நோஓப்பனர் சேருங்கள். பழைய உலாவிகளில் இது இல்லாவிட்டால், திறந்த தளத்தால் உங்கள் பக்கத்தையே வேறு முகவரிக்குத் திருப்பிவிட முடியும். எல்லா இணைப்பையும் புதிய தாவலில் திறக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. பாதி நிரப்பிய படிவம் கலைந்துவிடும் என்கிற மாதிரி இடங்களில் மட்டும் போதும்.

கடைசியாகச் சோதனை. கணினியில் பட்டன் மேல் மவுஸை வைத்தால், உலாவியின் கீழ் மூலையில் போகப்போகும் முகவரி தெரியும். அது உங்கள் தளத்தின் பெயரில் தொடங்கினால், திரும்ப படி 2-க்குப் போங்கள்.