செடித் தொட்டிக்கு எத்தனை மணித்தியாலம் லைட் போடுவது?

கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் முதல் செடித் தொட்டியை, அதாவது மீனோடு நீர்ச்செடிகளும் வளர்கிற கண்ணாடித் தொட்டியை, வைத்தபோது, லைட்டுக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு என்பதே எனக்குத் தெரியாது. காலையில் எழும்பியதும் போடுவேன், படுக்கப் போகும்போது நிறுத்துவேன். 15 மணித்தியாலத்துக்குக் குறையாது. போதாததற்குத் தொட்டி இருந்தது கிழக்கு யன்னல் ஓரம். கடல் பக்கத்து வெயில் விடிந்ததும் நேரே கண்ணாடியில் விழும். மூன்றாம் கிழமை தண்ணீர் பச்சையாகிவிட்டது. வீட்டுக்கு வந்த மச்சான் குனிந்து பார்த்துவிட்டு, "இதென்ன, முருங்கையிலைச் சாறா வளர்க்கிறாய்?" என்று கேட்டான்.

செடிக்கு வெளிச்சம் போதாமல் போய்விடுமோ என்று நான் பயந்தேன். பயப்பட்டிருக்க வேண்டியது மற்றப் பக்கத்துக்கு. செடி வளர வெளிச்சம் மட்டும் போதாது, தண்ணீரில் கரைந்த காபனீரொட்சைட்டும் சத்துகளும் வேண்டும். சிலிண்டர் வைத்து வாயு விடாத சாதாரண தொட்டியில் அந்த வாயு கொஞ்சம்தான் இருக்கும். லைட் எரியத் தொடங்கிச் சில மணித்தியாலத்தில் செடிகள் அதில் பெரும்பகுதியை எடுத்துவிடும். அதற்குப் பிறகும் எரிகிற லைட், பாசிக்குப் போடுகிற சோறு.

படி 1: யன்னலைப் பாருங்கள்

லைட்டைத் தொட முதல், ஒரு நாள் முழுக்கத் தொட்டிமேல் வெயில் எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். நேர் வெயில் அரை மணித்தியாலம் விழுந்தாலும் தொட்டியை நகர்த்துங்கள், அல்லது அந்தப் பக்கத்துக்குத் திரை போடுங்கள். வெயிலுக்கு டைமர் வைக்க முடியாது.

படி 2: லைட் எவ்வளவு பலம்?

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி 2 கன அடி, அதாவது ஏறக்குறைய 56 லீற்றர். கல், மண் போக 50 என்று வைப்போம். லைட் பெட்டியில் எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருக்கும். அதை லீற்றரால் வகுத்துப் பாருங்கள். 20க்குக் கீழே வந்தால் குறைந்த வெளிச்சம், 20 முதல் 40 வரை நடுத்தரம், அதற்கு மேலே போனால் வாயு விடாமல் சமாளிப்பது கஷ்டம். இது கைக்கணக்குத்தான், தொட்டி ஆழமானால் மாறும். மங்கலான லைட்டை 12 மணித்தியாலம் எரித்துச் சரிக்கட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். செடிக்குப் போதாத அந்த மங்கல் பாசிக்குப் போதும்.

குறைந்த வெளிச்சம் என்று கவலைப்படவும் தேவையில்லை. உலகம் முழுக்கத் தொட்டிகளில் வளர்கிற கிரிப்டோகொரைன் வகைகளில் வென்ட்டி, பெக்கெட்டி இரண்டும் இலங்கைக்கே உரியவை. மர நிழல் விழுகிற ஓடைகளில் வளர்ந்த செடிகள் அவை. அனுபியாஸ், ஜாவா ஃபேர்ன் இரண்டும் அப்படித்தான், அதிகம் கேட்காது.

படி 3: 6 மணித்தியாலத்தில் தொடங்குங்கள்

புதுத் தொட்டிக்கு முதல் ஒரு மாதம் 6 மணித்தியாலம் போதும். எந்த 6? நீங்கள் வீட்டில் இருக்கிற 6. வேலை முடிந்து வருகிறவருக்குப் பின்னேரம் 4 முதல் இரவு 10 வரை சரியாக இருக்கும். காலையிலும் பிள்ளைகள் மீன் பார்க்க வேண்டுமென்றால் 6 முதல் 8 வரை, பிறகு மாலை 5 முதல் 9 வரை என்று பிரிக்கலாம். நடு இடைவெளியில் காபனீரொட்சைட்டு கொஞ்சம் திரும்பச் சேரும். நான் இப்போது இப்படித்தான் வைத்திருக்கிறேன்.

படி 4: டைமர் வாங்குங்கள்

கையால் போட்டு நிறுத்துவது இரண்டு நாளைக்குத்தான் ஒழுங்காக நடக்கும். ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் வட்டமான, சுற்றிவரப் பல் வைத்த டைமரே போதும். ஒரு பல் 15 நிமிடம் என்றால் 6 மணித்தியாலத்துக்கு 24 பல். பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதை 'எப்போதும் எரி' என்ற பக்கம் விட்டுவிட்டால் பல்லெல்லாம் அலங்காரம்தான். நான் ஒரு கிழமை அப்படி விட்டிருக்கிறேன். இன்னொன்று, கரண்ட் போனால் இந்த டைமரின் கடிகாரமும் நின்றுவிடும். மாரி மழைக்காலத்தில் இரண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லையென்றால், அடுத்த நாள் லைட் இரண்டு மணித்தியாலம் பிந்தித்தான் எரியும். முகப்பைத் திருப்பி நேரத்தைச் சரிசெய்யுங்கள். பற்றரி உள்ள டிஜிட்டல் டைமருக்கு இந்தத் தொல்லை இல்லை.

படி 5: பார்த்துப் பார்த்து மாற்றுங்கள்

பொறுமை தேவைப்படுவது இங்கேதான். ஒரு மாதம் போனதும், புது இலை வருகிறது, பாசி அடங்கியிருக்கிறது என்றால் அரை மணித்தியாலம் கூட்டுங்கள். இரண்டு கிழமை பாருங்கள். பிறகு இன்னொரு அரை. வாயு விடாத தொட்டியில் 8 மணித்தியாலத்தைத் தாண்ட நான் இதுவரை ஒரு காரணமும் காணவில்லை.

அம்புலியா போன்ற தண்டுச் செடி இருந்தால் அதுவே நேரம் சொல்லும். லைட் நிற்க முதலே நுனி இலைகளை மேல்நோக்கிக் கூப்பிக்கொள்ளத் தொடங்கும். இன்றைக்குப் போதும் என்று அர்த்தம்.

கண்ணாடியில் மண்ணிறப் பொடி படிந்தால் பதற வேண்டாம். புதுத் தொட்டியில் அது வரும், துடைத்துவிட்டால் சில கிழமையில் தானாகவே குறையும். நட்ட கிரிப்டோகொரைன் இலை கரைந்து விழுந்தாலும் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள். இடம் மாறிய செடி அப்படித்தான் செய்யும். வேரைப் பிடுங்காமல் விட்டால் திரும்பத் துளிர்க்கும்.

பச்சை நூல் போலப் பாசி வந்தால் கையால் சுற்றி எடுத்துவிட்டு ஒரு மணித்தியாலம் குறையுங்கள். தண்ணீரே பச்சையாகிவிட்டால் 3, 4 நாள் லைட்டை நிறுத்தி, தொட்டியைப் பழைய போர்வையால் மூடி வைத்து, காற்று மோட்டரை ஓட விடுங்கள். தீனியை மிகவும் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு பாதித் தண்ணீரை மாற்றி, திரும்ப 6இல் தொடங்குங்கள். என் முருங்கையிலைச் சாறு இப்படித்தான் தெளிந்தது. யன்னலை விட்டு நகர்த்தியிருக்காவிட்டால் திரும்பவும் வந்திருக்கும்.

கச்சான் என்கிற சூட்டுக் காற்று அடிக்கிற மாதங்களில் தொட்டித் தண்ணீர் கைக்கே சூடாகத் தெரியும். சூட்டுத் தண்ணீரில் ஒட்சிசன் குறைவு. இருட்டில் செடிகளும் அதையே எடுப்பதால், விடியப்புறம் மீன் மேலே வந்து வாய் திறக்கும். அதற்கு லைட்டைக் கூட்டுவது மருந்தல்ல. இரவில் காற்று மோட்டரை ஓட விட்டு, மத்தியான லைட்டை மாலைக்குத் தள்ளுங்கள்.

ஒரு கிழமை வெளியூர் போகிறீர்களா? டைமரை 5 மணித்தியாலத்துக்கு இறக்கிவிட்டுப் போங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் தீனி போடச் சாவி கொடுத்தால், லைட் எரியவில்லையே என்று அது பாவம் பார்த்துச் சுவிட்சைத் தட்டிவிடும். டைமர்மேல் ஒரு டேப் ஒட்டிவிட்டுப் போவது நல்லது.