பொருந்திய கோடுகளை எண்ணாதீர்கள்

2003இல் விண்வெளியில் கிளைசின் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். அமினோ அமிலங்களில் மிக எளியது அது. சஜிடேரியஸ் பி2 உள்ளிட்ட மூன்று வாயு மேகங்களின் ரேடியோ நிறமாலையில் அதன் 27 கோடுகள் (ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கே உரிய அதிர்வெண்களில் விடும் தடயங்கள்) தெரிகின்றன என்றார்கள். 2005இல் இன்னொரு குழு சரிபார்த்தது. வலுவாகத் தெரிந்திருக்க வேண்டிய சில கோடுகளே அங்கு இல்லை.

விண்வெளியில் மூலக்கூறுகளைத் தேடப் புதிதாக வருபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான். பொருந்தும் கோடுகளை எண்ணுவார்கள், வராத கோட்டைத் தேட மாட்டார்கள். சஜிடேரியஸ் பி2வின் நிறமாலை ஒரு சந்தைக்கடை. மெத்தில் ஃபார்மேட் போன்ற மூலக்கூறுகள் அதில் கோடுகளாய்க் கொட்டிக் கிடக்கின்றன (துறைக்காரர்கள் இவற்றைக் ‘களை’ என்றே அழைக்கிறார்கள்). எந்த அதிர்வெண்ணில் கை வைத்தாலும் பக்கத்தில் ஏதாவது இருக்கும். அதனால் மூலக்கூறுக்கு ஒரே வெப்பநிலை, மேகத்தில் அது இருக்கும் அளவும் ஒன்றே என்று வைத்துக் கணக்கிட்டு, எல்லாக் கோடுகளின் உயரமும் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். களையில்லாத இடத்தில் வரவேண்டிய ஒரு வலுவான கோடு வரவில்லையென்றால், மற்ற 26 பொருந்தியும் பயனில்லை.

அடுத்தது சூத்திரத்தை நம்பி நீட்டுவது. ஆய்வகத்தில் ஒரு மூலக்கூறின் கோடுகளை 40 கிகாஹெர்ட்ஸ் வரை அளந்துவிட்டு, 300 கிகாஹெர்ட்ஸில் அவை எங்கே வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். அந்த உயர் அதிர்வெண்களில் வேகமாகச் சுழலும் மூலக்கூறு சற்றே நீண்டுகொடுக்கும், கணக்கு பிசகும். மேகம் நகரும் வேகத்துக்கு ஏற்பக் கோடும் நகரும் என்பதால், அதிர்வெண் பிழையை வேகமாகவே சொல்வது வழக்கம்: 100 கிகாஹெர்ட்ஸில் 1 மெகாஹெர்ட்ஸ் பிழை என்றால் வினாடிக்கு 3 கிலோமீட்டர் வேகப் பிழை. டாரஸ் பகுதியின் டிஎம்சி-1 போன்ற குளிர்ந்த மேகத்தில் கோட்டின் அகலமே வினாடிக்கு அரை கிலோமீட்டருக்கும் குறைவு. அளக்காமல் தப்ப வழியில்லை.

நிலையான வடிவம்தான் முதலில் கண்ணில் படும் என்றும் நினைக்காதீர்கள். கிளைசின் பல விதமாக மடங்கும். 1978இல் ஆய்வகத்தில் முதலில் பிடிபட்டது நிலைத்தன்மை குறைந்த வடிவம். அதன் இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறுக்குள் நேர், எதிர் மின்னேற்றங்கள் பிரிந்து நிற்கும் அளவு) பெரிது, கோடுகள் பளிச்சென்று இருந்தன. பென்சீனுக்கோ அந்தத் திறன் பூச்சியம். ரேடியோவில் அதைத் தேடுவது வீண் வேலை. அதனால் பென்சீனில் சயனைடு ஒட்டிய பென்சோநைட்ரைலைத் தேடினார்கள், 2018இல் டிஎம்சி-1இல் அது கிடைத்தது.

மூலக்கூறை உறைந்த நியானுக்குள் பதித்து அளந்த நிறமாலையை அப்படியே வானத்தோடு ஒப்பிடுவது இன்னொரு தவறு. சுற்றியுள்ள நியான் கோடுகளை நகர்த்திவிடும். நேர்மின்னேற்றம் கொண்ட சி60க்கு (60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறு) உரியவையாக இருக்கலாம் என்று இரண்டு பட்டைகளை (அகன்ற கோடுகளை) 1994இல் விண்மீன் ஒளியில் காட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வகத்தில் அதே அயனியைக் கடுங்குளிர் வாயு நிலையில் அளந்து அதை உறுதிசெய்தது 2015இல்.