முடிவைச் சொல்லிப்போடாதேங்கோ: நாவலைப் பற்றிக் கதைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாதாரணதரப் பரீட்சை எழுதி முடித்த விடுமுறையில் எங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு துப்பறியும் நாவல் எடுத்தேன். அட்டை கிழிந்து, பிரவுன் கடதாசி ஒட்டிய புத்தகம். முப்பதாம் பக்கத்தில் அந்த வீட்டுக் கணக்குப்பிள்ளை முதன்முதலாக வருகிறார். அவருடைய பெயரைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் "இவர்தான்" என்று எழுதியிருந்தார்கள். அழிறப்பரால் அழித்தேன். பென்சில் போனது, அழுத்தி எழுதிய தடம் போகவில்லை. மிச்சப் பக்கங்களை வாசித்தேன்தான். ஆனால் அந்த வீட்டிலிருந்த மற்ற ஐந்து பேரில் ஒருவரைக்கூட என்னால் சந்தேகப்பட முடியவில்லை. அந்த எழுத்தாளர் அவ்வளவு கஷ்டப்பட்டு வைத்த தடயங்கள் எல்லாம் வீணாகின.

நாவலைப் பற்றிக் கதைக்கும்போது நாங்கள் செய்கிற முதல் தவறு இதுதான். கொலைகாரன் யார் என்று நேரே சொல்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் தெரியாமல்தான் சொல்லிவிடுகிறோம். "கடைசி அத்தியாயம் வரைக்கும் பொறுங்கோ, அப்ப பாருங்கோ" என்றால், வாசிக்கிறவர் ஒவ்வொரு பக்கத்திலும் அந்தத் திருப்பத்தைத் தேடத் தொடங்கிவிடுவார். "அவளில் அவ்வளவு நம்பிக்கை வைக்காதை" என்றால் பாதிக் கதை போச்சு. "மூன்றாம் பாகத்தில் அண்ணன்காரன்ர பகுதி நல்லாயிருக்கும்" என்று புகழ்ந்தால்கூட, அண்ணன்காரன் இரண்டாம் பாகத்துப் போரில் சாகமாட்டான் என்பது தெரிந்துவிடும்.

ஆகவே தொடர் நாவல் என்றால் முதலில் கேட்க வேண்டியது, "இப்ப எந்த இடத்தில நிக்கிறீங்கள்?" அதற்குப் பிறகுதான் மற்றக் கதை. இதை நான் ஒரு தவறு செய்துதான் படித்தேன். டொரன்டோவில் இருக்கும் மச்சாளும் நானும் பொன்னியின் செல்வனை ஒரே நாளில் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வைபரில் கதைப்போம். நான் நான்காம் பாகம் மணிமகுடத்துக்கு வந்துவிட்டேன், அவர் இரண்டாம் பாகம் சுழற்காற்றில் கடலும் புயலுமாக நின்றார். "அருள்மொழிக்கு ஏதும் நடந்திடுமோ?" என்றார். "985இல முடிசூடி ராஜராஜனா வரப்போறவர், பயப்படாதேங்கோ" என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அது எனக்கும் தெரியும். இப்ப ஏன் சொன்னனீ?"

பள்ளிக்கூடத்தில் படித்த வரலாற்றை மறந்துவிட்டுத்தான் அவர் அந்தப் புயலுக்குப் பயந்துகொண்டிருந்தார். அந்தப் பயம்தான் கல்கி அவருக்குக் கொடுத்தது. அதை நான் பறித்துவிட்டேன். வரலாற்று நாவலில் "இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்ற சாட்டுச் செல்லாது. சோழர் கதையில் இன்னொரு பெரிய சம்பவமும் உண்டு. வாசிக்காதவர்கள் இருப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

அடுத்தது, வரிசை தெரியாமல் தீர்ப்புச் சொல்வது. ஒருவர் என்னிடம் சொன்னார்: "சிவகாமியின் சபதத்துக்குப் பிறகு பார்த்திபன் கனவில கல்கி களைச்சுப்போனார்." உண்மையில் பார்த்திபன் கனவுதான் முதலில் வந்தது. 1941இல் தொடங்கிய தொடர் அது. சிவகாமியின் சபதம் 1944இல்தான் தொடங்கியது. கதை நடக்கும் காலம்தான் மாறிக் கிடக்கிறது. சிவகாமியின் சபதத்தில் இளைஞராக வரும் பல்லவர் மாமல்லர், பார்த்திபன் கனவில் வளர்ந்த மகளுக்குத் தகப்பன். அந்த நண்பர் களைப்பு என்று நினைத்தது, கல்கி பெரிய நாவலுக்குக் கை பழகிய காலம். எழுதிய ஆண்டை ஒருதரம் பார்த்திருந்தால் அவரே இன்னும் நல்ல ஒரு கருத்தைச் சொல்லியிருப்பார்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. நாங்கள் அதை ஒரு மாதத்தில் வாசித்துவிட்டு, "சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லுறார், ஒவ்வொரு அத்தியாயத்தையும் அந்தரத்தில விடுறார்" என்று குறை சொல்கிறோம். ஒரு கிழமை காத்திருந்து அடுத்த இதழை எடுத்தவருக்கு அந்த நினைவூட்டல் தேவையாக இருந்தது. அலுப்பாக இருந்தால் அலுப்பு என்று சொல்லலாம், தப்பில்லை. தொடராக வந்ததைத் தொடர்ந்து வாசித்ததால் வந்த அலுப்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்துவிட்டு நூலைப் பற்றிக் கதைப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐந்து பாகம் 2022இலும் 2023இலும் இரண்டு படங்களாகச் சுருங்கியது. எதைப் பற்றிச் சொல்கிறோம் என்று சொன்னால் போதும்.

எங்கள் பக்கத்தில் மட்டும் வருகிற ஒரு தவறும் உண்டு. யாழ்ப்பாணம் வருகிற நாவல் என்றால் ஊர்ப் பிழை பிடித்தவுடன் மூடிவைத்துவிடுவோம். ஒரு தொடர் நாவலில் கதாநாயகன் நல்லூரிலிருந்து கசூரினாக் கடற்கரைக்குப் பத்து நிமிடத்தில் நடந்துபோனான். அந்தக் கடற்கரை இருக்கிற காரைநகர், நல்லூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர். எனக்கும் கோபம் வந்தது. பிழையைச் சொல்லத்தான் வேண்டும், எந்தப் பக்கம், என்ன பிழை என்று. ஆனால் அந்தக் கதையில் தாயும் மகனும் சண்டைபிடிக்கும் அத்தியாயம் அவ்வளவு உண்மையாக இருந்தது. அதையும் சொல்லாவிட்டால் என் கருத்து அரைவாசிதான். "நல்லாயிருக்கு", "அறுவை" என்று ஒரு சொல்லோடு நிறுத்துவதும் அதே அரைவாசிதான். எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை, எந்த இடத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனீர்கள் என்று சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் நோகிறது, "அதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு நாவல்" என்ற பேச்சு. அதைச் சொல்கிறவர் நூலை மட்டும் தள்ளவில்லை, அதை விரும்பி வாசித்தவரையும் சேர்த்துத் தள்ளுகிறார். என் பெரியம்மா வாழ்க்கை முழுக்க வாசித்தது தொடர்கதைதான். வார இதழ்களிலிருந்து பக்கங்களைக் கிழித்து, ஒழுங்காக அடுக்கி, சாக்கு ஊசியால் தைத்து வைத்திருப்பார். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, புதுப் புத்தகம் வருவதும் அருமை. ஜாம்போத்தல் விளக்கில் திரியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பழைய கட்டுகளையே திரும்ப வாசித்தார். அக்கம்பக்கத்துப் பெண்களும் வாங்கிப் போனார்கள். அதில் ஒரு கட்டுக்குக் கடைசிப் பதினாறு பக்கம் இல்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கறையான் தின்ற மிச்சம். முடிவு என்னவாக இருக்கும் என்று படலையடியில் நின்று அவர்கள் சண்டைபிடித்ததை நான் கேட்டிருக்கிறேன். அவளுடைய கல்யாணம் நடந்ததா, அவன் கடிதம் கிடைத்ததா என்று ஆளுக்கொரு முடிவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். நாவலைப் பற்றி அதைவிட நல்ல பேச்சை நான் இதுவரை கேட்கவில்லை.

போன வருடம் அந்த நாவலின் முழுப் பிரதி ஒன்று பழைய புத்தகக் கட்டுக்குள் கிடைத்தது. அன்றிரவே வாசித்து முடித்துவிட்டுப் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். "பெரியம்மா, அந்தக் கடிதம்..." என்று தொடங்கினேன்.

"டேய், சொல்லிப்போடாதை. புத்தகத்தைக் கொண்டு வா."

சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்தார். கடைசிப் பதினாறு பக்கத்தைப் புரட்டவில்லை. முதலாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கினார்.