உடற்பயிற்சி அடையாளத்தை அளக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நான் உடற்பயிற்சி செய்கிற ஆள்" என்று ஒருவர் தன்னைக் கருதுவதுதான் உடற்பயிற்சி அடையாளம். வாரத்துக்கு எத்தனை நாள் நடக்கிறார் என்று கேட்டு, அந்தக் கணக்கை வைத்தே "இவருக்கு உடற்பயிற்சி அடையாளம் அதிகம்" என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைக் காலையில் சுற்றி வருகிறவர்களில், சர்க்கரைக்காக டாக்டர் சொன்னாரே என்று நடப்பவர் இருப்பார். சர்க்கரை இறங்கினால் மறுநாளே நிறுத்திவிடுவார். முழங்கால் வலியால் மாதக்கணக்கில் வீட்டில் முடங்கிக் கிடப்பவரோ, "நான் ஓடுறவம்லா" என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார். அளக்க வேண்டியது இரண்டாமவரிடம் இருப்பதை.

அதற்கென்றே அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டர்சனும் சைகோஸும் 1994-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மொத்தம் 9 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். கூட்டினால் 9-இலிருந்து 63 வரை வரும். உடற்பயிற்சி செய்பவன் என்று என்னை நான் கருதுகிறேனா, விட்டுவிட நேர்ந்தால் அதை இழப்பாக உணர்வேனா என்ற போக்கில் கூற்றுகள் போகும். நல்ல கருவி. ஆனால் அப்படியே தமிழாக்கி நம் ஊரில் நீட்டினால் இரண்டு கூற்றுகள் காலை வாரும்.

ஒன்று, பிறரிடம் என்னைப் பற்றிச் சொல்லும்போது உடற்பயிற்சியையும் சேர்த்துச் சொல்வேன் என்பது. இங்கே புது ஆளிடம் பேச்சைத் தொடங்கினால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன சோலி பார்க்கிறீர்கள் என்றுதான் போகும். முப்பது வருடமாக சிலம்பம் சுற்றுகிறவர்கூட அதைத் தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டார், சொன்னால் பெருமையடிப்பதாகிவிடும். எனவே இதில் அவர் 2 போட்டால், அது அவருடைய அடக்கத்துக்கு விழுந்த மதிப்பெண்ணாகவும் இருக்கலாம்.

அடுத்தது, தவறாமல் உடற்பயிற்சி செய்பவராக மற்றவர்கள் என்னைப் பார்க்கிறார்கள் என்பது. மேலப்பாளையத்திலோ டவுனிலோ, தெருவில் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று மொட்டைமாடியிலேயே நடக்கும் பெண்களை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் மாடிப்படி ஏறி, துணி காயும் கொடிக்கு அடியில் குனிந்து குனிந்து வட்டமடிப்பார்கள். ஒரு நாள் விட்டாலும் அன்றைக்கு முழுக்க மனசு சரியிருக்காது. ஆனால் அது யாருக்கும் தெரியாது, தெரியக் கூடாது என்றுதான் மாடிக்கே போனார்கள். மற்ற கூற்றுகளில் 6, 7 போட்டவர் இதில் 1 போட்டால் அவருடைய அடையாளம் பலவீனம் என்றா எழுதுவீர்கள்? மொத்தக் கூட்டலை மட்டும் அட்டவணையில் போட்டால் இந்தப் பெண்கள் காணாமல் போய்விடுவார்கள். கூற்றுவாரியான சராசரியையும், ஆண்கள் பெண்கள் தனித்தனியாக, கட்டாயம் கொடுங்கள். களத்தில் இறங்குமுன் பத்துப் பேரிடம் தாளைக் கொடுத்து, ஒவ்வொரு கூற்றையும் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ஜிம்மில், மாஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது தாளை நிரப்பச் சொல்லாதீர்கள். எல்லாருமே 7 போடுவார்கள்.

கபடி ஆடும் பையனுக்கு இந்தத் தாள் பொருந்தாது. அவனைப் பிடித்து வைத்திருப்பது டீமும் ஆட்டமும். விளையாட்டு வீரர் அடையாளத்துக்கு 1993-இல் பிரூவரும் அவரோடு சேர்ந்தவர்களும் உருவாக்கிய அளவுகோல் தனியாக இருக்கிறது.

எனக்குக் கோபம் வருகிற தவறு வேறு. அம்பாசமுத்திரம் பக்கம் நாற்று நடும் பெண்களிடமும் இதே தாளை நீட்டி, மதிப்பெண் குறைந்ததும் "கிராமப்புறப் பெண்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று முடிவுரை எழுதுவது. பகலெல்லாம் சேற்றில் குனிந்து நின்றவருக்கு உடற்பயிற்சி தன் வாழ்க்கையில் இல்லாத ஒன்று. குறைந்த மதிப்பெண் சொல்வது அவ்வளவுதான். அவருடைய உடலுழைப்பைப் பற்றியோ அறிவைப் பற்றியோ அது எதுவும் சொல்லவில்லை.

அதேபோல 60 வாங்கியவரை உடனே பாராட்டிவிடவும் வேண்டாம். காய்ச்சலிலும் தசைப்பிடிப்பிலும் விடாமல் ஓடுகிறவரும் அந்த எண்ணைத் தொடுவார். உடற்பயிற்சிக்கு அடிமையாவது வேறு விஷயம். அதை அளக்கும் கேள்விகளும் வேறு. அதிக மதிப்பெண் வாங்கியவர்களிடம், அடிபட்டிருக்கும்போது ஓய்வெடுக்கிறார்களா என்று கூடுதலாக ஒரு கேள்வி கேட்டு, அந்தப் பதிலை மொத்தத்தில் கூட்டாமல் தனியே எழுதி வையுங்கள்.